180 பேருக்குக் கட்டின ஸ்கூல்

பழைய ஸ்கூல் பில்டிங்னா எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. ஆனா எனக்குப் பிடிச்சதெல்லாம் பெரும்பாலும் தூண், ஆர்ச், மணிக்கூண்டுன்னு பார்க்கவே கம்பீரமா இருக்கிற வகையறா. இன்னிக்கு எழுதப்போறது அந்த ரகமே கிடையாது, ரோட்டுல போனா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டீங்க. அமெரிக்காவுல வர்ஜீனியா மாநிலத்துல ஃபார்ம்வில்னு ஒரு சின்ன டவுன், பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியோட (கவுண்டின்னா நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) தலைநகர், அங்க மெயின் ஸ்ட்ரீட் மேல ஒரு மாடிகூட இல்லாத செங்கல் கட்டடம் ஒண்ணு நிக்குது, நடுவுல ஒரு ஹால், அதைச் சுத்தி வகுப்பறைகள், அவ்வளவுதான். பேரு ராபர்ட் ரூசா மோட்டன் ஹை ஸ்கூல், 1939ல கட்டினது, கறுப்பின பிள்ளைகளுக்குன்னு கவுண்டி கட்டிக்கொடுத்த ஹை ஸ்கூல்.

கட்டிக்கொடுத்ததுன்னு சொல்றப்போ கவுண்டிக்காரங்க ஏதோ மனசு இரங்கிக் கொடுத்த மாதிரி ஆயிடுது, அப்படி இல்ல. 1920கள்லயே மார்த்தா ஃபாரெஸ்டர்னு ஒரு அம்மா தலைமையில கறுப்பினப் பெண்கள் ஒரு சங்கம் வச்சுக்கிட்டு எங்க பிள்ளைங்களுக்கும் ஹை ஸ்கூல் வேணும்னு மனு மேல மனு போட்டு நச்சரிச்சதுல ஆரம்பிச்ச கதை இது (இந்தச் சங்கத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில திரும்ப வருவாங்க). வர்ஜீனியாவோட 1902 அரசியல் சட்டத்துலயே வெள்ளைக்காரப் பிள்ளைங்களும் கறுப்பினப் பிள்ளைங்களும் ஒரே ஸ்கூல்ல படிக்கக் கூடாதுன்னு எழுதி வச்சிருந்தாங்க. 1896லயே சுப்ரீம் கோர்ட், தனித்தனியா வைக்கலாம் ஆனா சமமா இருக்கணும்னு சொல்லியாச்சு. தனித்தனிங்கிறதை மட்டும் கரெக்டா ஃபாலோ பண்ணாங்க.

பேருக்குச் சொந்தக்காரரான மோட்டன் சின்ன ஆள் இல்ல. இதே பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியில வளர்ந்தவர், புக்கர் வாஷிங்டனுக்கு அப்புறம் டஸ்கீகீ கல்லூரிக்கு 1915லேர்ந்து 1935 வரைக்கும் தலைவரா இருந்தவர். 1922ல வாஷிங்டன்ல லிங்கன் நினைவு மண்டபம் திறந்தப்போ மேடையில பேசினவர்கள்ல இவரும் ஒருத்தர். அடிமைத்தளையை அறுத்த லிங்கனுக்கு மண்டபம் திறக்கிற விழாவுலயே கறுப்பின ஜனங்களைத் தனியா ஒதுக்கி உட்கார வச்சாங்கங்கிறது வேற விஷயம். அப்பேர்ப்பட்டவர் பேரை வச்சுட்டு கட்டின ஸ்கூல்ல ஜிம் கிடையாது, கேண்டீன் கிடையாது, பிள்ளைங்க பை வைக்க லாக்கர் கிடையாது. அதே ஊர்ல வெள்ளைக்காரப் பிள்ளைங்களோட ஃபார்ம்வில் ஹை ஸ்கூல்ல இதெல்லாமே இருந்துச்சு, உடம்பு சரியில்லைன்னா படுக்க ஒரு ரூம்கூட தனியா இருந்துச்சு.

கணக்குதான் முக்கியம். மோட்டன் ஸ்கூலைக் கட்டினது 180 பிள்ளைங்களுக்கு. 1950 வாக்குல அங்க படிச்சவங்க 450க்கு மேல. சரி, இன்னும் நாலு வகுப்பறை சேர்த்துக் கட்டலாம்ல? கட்டல. அதுக்குப் பதிலா 1948 வாக்குல மரச்சட்டமும் பிளைவுட்டும் வச்சு ஷெட் போட்டு மேல தார் பேப்பரைச் சுத்தி, இதுதான் கிளாஸ்ரூம்னு கொடுத்தாங்க. தார் பேப்பர்னா தார்ல ஊற வச்ச தடி காகிதம், கூரைக்கு அடியில தண்ணி இறங்காம இருக்கப் போடுறது, அதையே சுவருக்கு மேல கடைசி பூச்சு மாதிரி ஒட்டி விட்டிருக்காங்க. கோழிக்கூண்டுன்னுதான் ஊர்ல பேரு. மழை பெஞ்சா ஒழுகும், உள்ளயே குடை பிடிச்சுட்டு உட்கார்ந்திருக்காங்க. குளிர்காலத்துல ஷெட்டுக்கு ஒரு இரும்பு அடுப்பு, அது பக்கத்துல உட்கார்ந்தவன் வெந்து போவான், தள்ளி உட்கார்ந்தவன் கோட்டைக் கழட்ட முடியாம நடுங்குவான், வாத்தியார் பாடத்தையும் நடத்திட்டு நடுநடுவுல அடுப்பையும் கிளறி விடணும். இது போதாதுன்னு ஹாலுக்குள்ள ஒரே நேரத்துல ரெண்டு மூணு கிளாஸ், அங்கயும் இடம் இல்லைன்னா நிறுத்தி வச்ச ஸ்கூல் பஸ்ஸுக்குள்ள ஒரு கிளாஸ். அந்த பஸ்ஸும் வெள்ளைக்கார ஸ்கூல் ஓட்டித் தேய்ச்சுட்டுத் தள்ளி விட்டதுதான்.

பெத்தவங்க சும்மா இருக்கல. ஹெட்மாஸ்டர் பாய்ட் ஜோன்ஸ், ஃபர்ஸ்ட் பாப்டிஸ்ட் சர்ச்சோட பாஸ்டர் ஃபிரான்சிஸ் கிரிஃபின், இவங்களோட பெற்றோர் ஆசிரியர் சங்கம் எல்லாம் சேர்ந்து ஸ்கூல் போர்டு மீட்டிங் நடக்குறப்பல்லாம் போய் நின்னாங்க. நிலம் பார்த்துட்டிருக்கோம், பணம் பார்த்துட்டிருக்கோம்னு பதில். கடைசியில, இனிமே நீங்க மீட்டிங்குக்கு வர வேண்டாம், ஏதாவது ஆச்சுன்னா நாங்களே சொல்லி அனுப்புறோம்னு சொல்லிட்டாங்க. அரசாங்க ஆபீஸ்ல இந்த வாக்கியத்தைக் கேட்டவங்களுக்குத் தெரியும், அதுக்கப்புறம் யாரும் சொல்லி அனுப்ப மாட்டாங்க.

இந்த இடத்துலதான் பார்பரா ஜான்ஸ் வர்றா. 16 வயசுப் பொண்ணு, அதிகம் பேசாத டைப். ஆனா வீட்டுல பெரியப்பா முறையில ஒருத்தர், வெர்னன் ஜான்ஸ், அவர் வாயைத் திறந்தா ஊரே ரெண்டாயிடும்ங்கிற பிரசங்கி, பின்னாடி மார்ட்டின் லூதர் கிங் பொறுப்பு எடுத்த மாண்ட்கோமரி சர்ச்சுல அவருக்கு முன்னாடி பாஸ்டரா இருந்தவர் இவர்தான். பார்பரா ஒரு நாள் மியூசிக் டீச்சர் ஐனெஸ் டேவன்போர்ட்கிட்ட ஸ்கூல் இப்படி இருக்கேன்னு புலம்பியிருக்கா, டீச்சர் சிம்பிளா, நீ ஏன் ஏதாவது பண்ணக் கூடாதுன்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க. பொண்ணுக்கு முதல்ல செம கடுப்பு, நம்ம கஷ்டத்தைச் சொன்னா இப்படிப் பேசுறாங்களேன்னு. அப்புறம் ஒரு காலையில தம்பி தங்கச்சிங்களை எல்லாம் கிளப்பி பஸ் ஏத்தி விட்டு, மறந்து போன சாப்பாட்டை எடுக்க வீட்டுக்கு ஓடி வந்ததுல பார்பராவுக்கு பஸ் போயிடுச்சு, ரோட்டோரம் நின்னு யாராவது ஏத்திட்டுப் போவாங்களான்னு பார்த்துட்டிருக்கிறப்போ வெள்ளைக்காரப் பிள்ளைங்க ஸ்கூல் பஸ் பாதி காலியா அவளைத் தாண்டிப் போச்சு. அன்னிக்குத்தான் முடிவு பண்ணேன்னு பின்னாடி அவளே எழுதி வச்சிருக்கா.

அடுத்து அவ பண்ணின பிளானிங் இருக்கே, அதைப் படிச்சப்போ நான் சிரிச்சுட்டேன், அவ்வளவு நேர்த்தி. நம்பிக்கையான சில மாணவர்களைச் சேர்த்துக்கிட்டா, ஸ்டூடன்ட் கவுன்சில் தலைவி கேரி ஸ்டோக்ஸ், கேரியோட இரட்டைப் பிறவி ஜான் ஸ்டோக்ஸ் எல்லாம் அதுல உண்டு, மாசக்கணக்கா யாருக்கும் மூச்சு விடல, வீட்டுல பெத்தவங்களுக்குக்கூடத் தெரியாது. இந்தத் திட்டத்துக்கு அவங்களுக்குள்ள வச்சுக்கிட்ட ரகசியப் பேரு மேன்ஹாட்டன் புராஜெக்ட்! அணுகுண்டு பண்ணின புராஜெக்ட் பேரு. 1951 ஏப்ரல் 23, ஹெட்மாஸ்டருக்கு ஒரு போன், உங்க ஸ்கூல் பசங்க ரெண்டு பேர் பஸ் ஸ்டேஷன்ல போலீஸ்கிட்ட மாட்டிக்கிட்டாங்க சீக்கிரம் வாங்கன்னு. அவர் பதறிப்போய் காரை எடுத்துட்டுக் கிளம்பின அடுத்த நிமிஷம் எல்லா கிளாசுக்கும் சீட்டு போகுது, உடனே எல்லாரும் ஹாலுக்கு வரணும்னு, கீழ ஹெட்மாஸ்டர் கையெழுத்து மாதிரியே போட்டு. 450 பேரும் வந்து உட்கார்ந்து திரை விலகினா மேடையில ஹெட்மாஸ்டர் இல்ல, பார்பரா நிக்குறா. டீச்சர்களை முதல்ல வெளிய போகச் சொன்னா. அவங்க வேலைக்கு ஆபத்து வந்துடக்கூடாதுங்கிறதும் ஒரு காரணம். சிலர் தயங்கினதும் காலணியைக் கழட்டி பெஞ்ச்ல ஓங்கி அடிச்சா, போயிட்டாங்க. அப்புறம் பேசினா, பேசி முடிச்சதும் மொத்த ஸ்கூலும் வெளிய வந்துடுச்சு.

இதுல ஒரு விஷயம் கவனிங்க. அவங்க வெள்ளைக்காரப் பிள்ளைங்களோட உட்கார்ந்து படிக்கணும்னு கேட்கவே இல்ல. கேட்டது ஒரு நல்ல பில்டிங். அட்டையில எழுதிப் பிடிச்சதும் அதேதான், புது ஸ்கூல் கொடு இல்லைன்னா ஸ்கூலே வேண்டாம்னு. (எட்டு வருஷம் கழிச்சு இந்த வாசகம் எவ்வளவு கொடூரமா திரும்பி வந்து அடிச்சதுன்னு கீழ பார்ப்போம்.) பார்பராவும் கேரியும் மாநிலத் தலைநகர் ரிச்மண்ட்ல இருந்த என்ஏஏசிபி (கறுப்பின மக்களோட உரிமைக்காகப் போராடுற அமைப்பு) வக்கீல்களுக்கு லெட்டர் போட்டாங்க. ஆலிவர் ஹில், ஸ்பாட்ஸ்வுட் ராபின்சன்னு ரெண்டு பேர், வேற ஒரு கேஸுக்குப் போற வழியில ஃபார்ம்வில்ல இறங்கி, பிள்ளைங்களா கிளாசுக்குத் திரும்பப் போங்கன்னு சொல்லத்தான் வந்தாங்க. சர்ச்சுல பிள்ளைங்களைப் பார்த்துப் பேசினதும் மனசு மாறிடுச்சு. ஆனா ஒரு கண்டிஷன் போட்டாங்க, சமமான கட்டடம் வேணும்னு கேஸ் போட மாட்டோம், பிரிச்சு வைக்கிறதே தப்புன்னுதான் போடுவோம், பெத்தவங்களும் சம்மதிக்கணும்னு. சம்மதிச்சாங்க. எனக்கு இந்தக் கதையில பெரிய தைரியமா தெரியறது இதுதான். பிள்ளைங்க ஸ்டிரைக் பண்ணினதுல ஒரு வேகம் இருக்கு, ஆனா வெள்ளைக்காரங்க நிலத்துல குத்தகைக்கு புகையிலை போட்டு, வெள்ளைக்காரங்க பேங்க்ல கடன் வாங்கி, அவங்க கடையில சாமான் வாங்கிப் பொழைக்கிற ஒரு அப்பா கோர்ட் பேப்பர்ல கையெழுத்துப் போடுறது வேற ரகம்.

ரெண்டு வாரம் ஸ்டிரைக், மே 7ம் தேதி கிளாசுக்குத் திரும்பினாங்க. மே 23ம் தேதி கேஸ் ஃபைல் ஆச்சு, 117 மாணவர்கள் பேர்ல, லிஸ்ட்ல முதல் பேரு ஒன்பதாம் கிளாஸ் படிச்ச டோரதி டேவிஸ், அதனால கேஸுக்கும் டேவிஸ் கேஸ்னே பேரு. ஸ்கூல் வளாகத்துல யாரோ சிலுவையைக் கொளுத்தி வச்சுட்டுப் போனாங்க, அங்கெல்லாம் அது மிரட்டலுக்கு அடையாளம். பார்பராவை வீட்டுல பயந்து போய் மாண்ட்கோமரிக்கு வெர்னன் ஜான்ஸ்கிட்ட அனுப்பிட்டாங்க. ஹெட்மாஸ்டர் ஜோன்ஸுக்கு அடுத்த வருஷத்துக்கான வேலையைப் புதுப்பிக்கல, அந்த மனுஷன் பாவம், போன் வந்ததும் ஓடினதைத் தவிர ஒண்ணும் பண்ணல.

1952ல ரிச்மண்ட்ல மூணு நீதிபதிகள் சேர்ந்து தீர்ப்பு சொன்னாங்க. பிரிச்சு வைக்கிறதுல ஒரு கெடுதலும் இல்ல, ஆனா கட்டடம் சமமா இல்லைங்கிறது உண்மை, அதைச் சரி பண்ணுங்கன்னு. இப்பதான் வேடிக்கை. இத்தனை வருஷமா நிலம் இல்ல பணம் இல்லைன்னு சொன்ன கவுண்டிக்கு திடீர்னு நிலமும் கிடைச்சுது பணமும் கிடைச்சுது. 8 லட்சம் டாலருக்கு மேல செலவு பண்ணி 1953ல புது மோட்டன் ஹை ஸ்கூல் திறந்தாச்சு, ஜிம்மு, கேண்டீன் எல்லாத்தோடயும். சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்றதுக்குள்ள, பாருங்க சமமாத்தான் கொடுத்திருக்கோம்னு காட்டணும்ல. இதே மாதிரி அப்ப தெற்கு மாநிலங்கள் பல இடங்கள்ல அவசர அவசரமா கறுப்பினப் பிள்ளைங்களுக்குப் புது ஸ்கூல் கட்டினாங்க. பழைய 1939 கட்டடம் ஆரம்பப் பள்ளியா ஆயிடுச்சு.

ஆக, பிள்ளைங்க கேட்ட பில்டிங் வந்துடுச்சு. 1954 மே 17ம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பும் வந்துடுச்சு, கன்சாஸ், சவுத் கரோலினா, டெலவேர் கேஸ்களோட இந்த வர்ஜீனியா கேஸும் சேர்ந்ததுதான் ஸ்கூல்ல இனம் பார்த்துப் பிரிச்சு வைக்கிறதே சட்டவிரோதம்னு சொன்ன, உலகத்துக்கே தெரிஞ்ச பிரவுன் தீர்ப்பு. வாஷிங்டன் டிசி கேஸுக்கு அதே நாள் தனியா தீர்ப்பு. இந்த அஞ்சுல ஸ்டூடன்ட்ஸ் ஸ்டிரைக்ல ஆரம்பிச்ச ஒரே கேஸ் ஃபார்ம்வில் கேஸ்தான், கேஸ் போட்டவங்க எண்ணிக்கையில முக்கால்வாசியும் இங்கேருந்துதான். ஆனா பேரு மட்டும் கன்சாஸ்காரர் பேர்ல நின்னு போச்சு.

நிறைய பேர் எழுதுறப்போ கதையை இங்க நிறுத்திடுறாங்க, பொண்ணு மேடையேறினா, நாடு மாறிடுச்சு, கைத்தட்டல். எனக்கு அது பிடிக்கல, ஏன்னா ஊருக்குள்ள நடந்தது இதுக்கு நேர் எதிர்.

வர்ஜீனியாவோட பெரிய அரசியல் தலை செனட்டர் ஹாரி பேர்ட், இந்தத் தீர்ப்பை எப்படியாவது முடக்கணும்னு மாநிலம் முழுக்க ஒரு எதிர்ப்பைக் கிளப்பி விட்டார். எந்த ஸ்கூல்ல ரெண்டு இனப் பிள்ளைங்களும் சேருறாங்களோ அதை இழுத்து மூடலாம்னு சட்டமே போட்டாங்க. 1959 ஜனவரி 19ல மாநில சுப்ரீம் கோர்ட்டும் ஃபெடரல் கோர்ட்டும் ஒரே நாள்ல அதைத் தூக்கி எறிஞ்சதும் மத்த ஊர்கள்லாம் முனகிட்டே இறங்கி வந்துச்சு. பிரின்ஸ் எட்வர்ட் மட்டும் இறங்கல. செப்டம்பர்லேர்ந்து சேர்த்து வச்சு நடத்துங்கன்னு கோர்ட் சொன்னதும், 1959 ஜூன்ல கவுண்டி நிர்வாகம் கூடி ஒரே ஒரு முடிவு எடுத்துச்சு, ஸ்கூல்களுக்கு இனிமே ஒரு டாலர்கூட ஒதுக்கப் போறதில்லைன்னு. பூட்டுன்னு உத்தரவு போடல பாருங்க, பணம் இல்லைன்னு மட்டும் சொன்னாங்க, ஸ்கூல் தானா செத்துப்போச்சு. கவுண்டி முழுக்க ஒரு அரசுப் பள்ளிகூட இல்ல, 1959லேர்ந்து 1964 வரைக்கும், அஞ்சு வருஷம். கட்டி ஆறே வருஷம் ஆன, 8 லட்சம் டாலர் புது மோட்டன் பில்டிங் ஜிம்மும் கேண்டீனுமா பூட்டிக் கிடந்துச்சு. புது ஸ்கூல் கொடு இல்லைன்னா ஸ்கூலே வேண்டாம்னு அட்டை பிடிச்ச ஊர்ல புது ஸ்கூலையும் கொடுத்து ஸ்கூலே இல்லாமலும் பண்ணிட்டாங்க.

வெள்ளைக்காரப் பிள்ளைங்க படிப்பு நிக்கல. அவங்களுக்குன்னு பிரின்ஸ் எட்வர்ட் அகாடமின்னு தனியார் ஸ்கூல் ஒண்ணு உடனே ரெடி, முதல்ல சர்ச் ரூம்கள்லயும் கிளப் ஹால்கள்லயும் நடந்துச்சு, 1961ல சொந்தக் கட்டடம். சொல்லிக்கொடுத்தது பெரும்பாலும் மூடின அரசுப் பள்ளிகள்ல இருந்த அதே வாத்தியார்கள். அரசுப் பணமும் கல்வி உதவித்தொகைங்கிற பேர்ல, வரிச்சலுகைங்கிற பேர்ல சுத்தி வளைச்சு அங்கதான் போச்சு, பின்னாடி கோர்ட் தடுக்குற வரைக்கும். கறுப்பினப் பிள்ளைங்களுக்கும் ஒரு தனியார் ஸ்கூல் ஆரம்பிச்சுத் தர்றோம்னு ஒரு ஆஃபர் வந்துச்சு, அதுக்கு வந்த அப்ளிகேஷன் மொத்தம் ஒண்ணே ஒண்ணு. எல்லாருக்கும் தெரியும், அதுல சேர்ந்தா கோர்ட்ல நடக்கிற கேஸ் காலி.

அந்தப் பிடிவாதத்துக்குக் கொடுத்த விலை சின்னது இல்ல, கிட்டத்தட்ட 1,700 பிள்ளைங்க. சில பேரை கிரிஃபின் பாஸ்டர் ஏற்பாடு பண்ணி நார்த் கரோலினாவுல கிட்ரெல் கல்லூரிக்கு அனுப்பினார், குவேக்கர்ங்கிற கிறிஸ்தவப் பிரிவோட அமைப்பு ஒண்ணு சில பேரை வேற மாநிலங்கள்ல முன்ன பின்ன தெரியாத குடும்பங்கள் வீட்டுல தங்க வச்சுப் படிக்க வச்சுது, சில வீடுகள்ல பக்கத்துக் கவுண்டியில இருக்கிற பாட்டி வீட்டு அட்ரஸ் கொடுத்துச் சேர்த்தாங்க. சர்ச் பேஸ்மெண்ட்ல அக்காமார்கள் அ ஆ சொல்லிக்கொடுக்கிற மாதிரி சின்னப் பயிற்சி மையங்கள் நடந்துச்சு. மத்தவங்க? வயலுக்குப் போனாங்க. ஏழு வயசுல ஒண்ணாங்கிளாஸ் போக வேண்டிய பிள்ளை பன்னெண்டு வயசுல போச்சு. பதினைஞ்சு பதினாறு வயசுல விட்டவங்க நிறைய பேர் திரும்பவே இல்ல. ஏழை வெள்ளைக்காரக் குடும்பங்கள்லயும் ஃபீஸ் கட்ட முடியாம சில பிள்ளைங்க வீட்டுல உட்கார்ந்தாங்க, அதை யாரும் அதிகமா பேசுறதில்ல.

1963ல கென்னடி அரசாங்கம், குறிப்பா ராபர்ட் கென்னடி, தலையிட்டு நன்கொடைப் பணத்துல ஃப்ரீ ஸ்கூல்னு ஒரு வருஷத்துக்கு ஏற்பாடு பண்ணாங்க, நீல் சல்லிவன்னு ஒருத்தரை நியூயார்க் பக்கத்துலேர்ந்து கூட்டிட்டு வந்து பொறுப்பு கொடுத்து, பூட்டிக் கிடந்த கட்டடங்கள்ல சிலதை வாடகைக்கு எடுத்து 1,500 பிள்ளைங்களுக்கு மேல சேர்த்தாங்க. கவுண்டி கட்டின கட்டடத்தை கவுண்டிப் பிள்ளைங்க உள்ள வர்றதுக்கு வாடகைக்கு எடுக்க வேண்டியதா போச்சு. 1964 மே 25ல சுப்ரீம் கோர்ட் கிரிஃபின் கேஸ்ல கறாரா சொல்லிடுச்சு, மெதுவா பண்றோம்னு சொன்ன காலமெல்லாம் முடிஞ்சது, திறங்கன்னு. அந்த செப்டம்பர்ல அரசுப் பள்ளிகள் திறந்துச்சு. அதுல சேர்ந்த வெள்ளைக்காரப் பிள்ளைங்களை விரல் விட்டு எண்ணிடலாம், மத்த வெள்ளைக்காரப் பிள்ளைங்க எல்லாம் அகாடமியிலயே இருந்துட்டாங்க. அகாடமி இன்னிக்கும் இருக்கு, பேரு மாறி ஃபுக்வா ஸ்கூல்னு, இப்ப எல்லா இனப் பிள்ளைகளையும் சேர்க்கிறாங்க. 1953 கட்டடம் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி ஹை ஸ்கூல்ங்கிற பேர்ல அரசுப் பள்ளியாவே ஓடுது.

பழைய 1939 கட்டடத்துக்கு வர்றேன். 1990கள்ல ஆரம்பப் பள்ளியையும் அங்கேருந்து எடுத்துட்டாங்க, கவுண்டி அதை வித்துடலாம்னு பார்த்துச்சு, மெயின் ஸ்ட்ரீட் இடம், நல்ல விலை போகும். தடுத்தது யாருன்னு நினைக்கிறீங்க, மேல சொன்னேனே அதே பெண்கள் சங்கம், மார்த்தா ஃபாரெஸ்டர் பேர்லயே இன்னும் இயங்கிட்டிருந்துச்சு, பணம் திரட்டி மீட்டாங்க. 1998ல தேசிய வரலாற்றுச் சின்னம் ஆச்சு, 2001 ஏப்ரல் 23ல, ஸ்டிரைக் நடந்து சரியா 50 வருஷத்துல, மியூசியமா திறந்தாங்க. பக்கத்துல போற ரோட்டுக்கு இப்ப கிரிஃபின் பேரு.

பார்பரா அந்தப் பக்கம் திரும்பி வந்து தலைவியா உலா வரல. படிச்சா, கல்யாணம் பண்ணிக்கிட்டா, அஞ்சு பிள்ளைங்க, பிலடெல்பியாவுல ஸ்கூல் லைப்ரேரியனா வேலை பார்த்து 1991ல செத்துப்போனா. மேல சொன்ன மியூசியத்தை அவ பார்க்கவே இல்ல. 2020 டிசம்பர்ல வாஷிங்டன்ல நாடாளுமன்றக் கட்டடமான கேபிடல்ல வர்ஜீனியா சார்புல நின்ன ஜெனரல் ராபர்ட் லீ (உள்நாட்டுப் போர்ல அடிமைமுறையை விடாத தெற்கு மாநிலங்களோட தளபதி) சிலையை எடுத்துட்டு அந்த இடத்துக்கு பார்பராவைத் தேர்ந்தெடுத்தாங்க. லீ தோத்து ஓடினப்போ சரணடைய ரெண்டு நாள் முன்னாடி, 1865 ஏப்ரல் 7ல, படையோட இதே ஃபார்ம்வில் வழியாத்தான் போனார்ங்கிறதை நான் யாரும் சொல்லாமலே சேர்த்து வச்சுப் பார்த்துக்கிறேன்.

ஆனா சிலையைவிட எனக்கு அந்த 1,700 பேர் என்ன ஆனாங்கங்கிறதுதான் முக்கியம். 2003ல வர்ஜீனியா சட்டசபை வருத்தம் தெரிவிச்சு தீர்மானம் போட்டுச்சு, கவுண்டியில அம்பது அறுபது வயசு ஆனவங்களை மேடைக்குக் கூப்பிட்டு கௌரவ ஹை ஸ்கூல் டிப்ளமா கொடுத்தாங்க. வெறும் காகிதம் போதாது, விட்டுப்போன படிப்பை இப்பவாவது படிக்கப் பணம் கொடுங்கன்னு கேட்டதுல 2004ல ஒரு ஸ்காலர்ஷிப் திட்டம் வந்துச்சு. அதுக்கு முதல்ல ஒதுக்கின தொகை 50,000 டாலர். ஜான் க்ளூகின்னு ஒரு பெரும் பணக்காரர், நீங்களும் அதே அளவு போட்டா நான் 10 லட்சம் டாலர் தர்றேன்னு முன்னாடி வந்த பிறகுதான் அரசும் 10 லட்சம்னு ஏத்துச்சு. 1953ல கேஸை மழுங்கடிக்க ஒரே ஒரு பில்டிங்குக்கு ஒரு கவுண்டியே 8 லட்சத்துக்கு மேல புரட்ட முடிஞ்ச மாநிலம் இது, அரை நூற்றாண்டுக்கு முந்தின டாலர்ல.